தஞ்சையில் ஒரு நாள்: பிள்ளைகளுக்கு எங்கே சாப்பாடு?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். ஆண்டிறுதி விடுமுறையில் எங்கள் மாணவர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறோம்; தஞ்சாவூருக்கு ஒரே நாள்தான். இவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே பால்மரம் வெட்ட (ரப்பர் பால் எடுக்க) வந்தவர்கள். அந்த மண்ணை அவசரமாகக் காட்டிவிட்டுத் திரும்ப எனக்கு மனமில்லை.

1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பிறகு சரசுவதி மகால் நூலகம். மதியம் வாழை இலைச் சாப்பாடு: காரம் குறைவாக, பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார இடமுள்ள உணவகம் எது? மாலையில் திருவையாற்றில் அசோகா அல்வாவைச் சுடச்சுட வாங்கித் தர ஆசை. நேரம் போதுமா? கோயிலருகே பஸ்ஸை எங்கே நிறுத்தலாம்? தஞ்சைக்காரர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.