முதல் பட்டதாரி சலுகை, மத்திய உதவித்தொகை, கல்விக்கடன்: எதை எதனுடன் சேர்த்துப் பெறலாம்?

கேள்வி (தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பொறியியல் கலந்தாய்வு மூலம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் பெற்றிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றதில்லை. முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கி, கலந்தாய்வுக்குப் பதிவு செய்தபோதே பதிவேற்றிவிட்டோம். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஆண்டு வருமானம் ரூ.1,80,000.

கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் இப்போதே செலுத்துங்கள், அரசுப் பணம் வந்தபின் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் எந்தத் திட்டமும் பொருந்தாது என்று ஊரில் சொல்கிறார்கள். கணினி மையத்திலோ தேசிய உதவித்தொகைத் தளத்தில் தெரிகிற எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து வைக்கலாம் என்கிறார்கள். ரூ.4 லட்சம் கடன் கேட்டதற்கு வங்கியில் நிலப் பத்திரம் கேட்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் பணியாற்றுபவர்):

வணக்கம் ஐயா. முதல் பட்டதாரி சலுகை மாணவரின் கையில் வந்து சேரும் உதவித்தொகை அன்று. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவருக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கல்லூரிக்குச் செலுத்தும் ஏற்பாடு. ஆகவே அந்தப் பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்பதே முறை. ஒதுக்கீட்டு ஆணையின் நகலுடன் முதல்வருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து, கற்பிப்புக் கட்டணம், விடுதி, பேருந்து என இனவாரியாகப் பிரித்த ரசீது கேளுங்கள். இனம் பிரிக்காத ஒற்றைத் தொகைக்கான ரசீதை ஏற்க வேண்டாம். பின்னாளில் வங்கியிலும் அது சிக்கலாகும். கல்லூரி மறுத்தால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மனு அனுப்பலாம். இந்தச் சலுகைக்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உண்டு. விடுதி, பேருந்துக் கட்டணங்களுக்கும் இது பொருந்தாது.

ஊரில் சொல்வதில் பாதிதான் சரி. தொழிற்கல்விச் சேர்க்கையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அதனுடன் வரும் முழுக் கட்டண விலக்கும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியவை. மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது என்றாலும், 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் மகள் படித்த காலம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையில்லை. கல்லூரியில் இத்திட்டத்துக்கென உள்ள பொறுப்பு அலுவலரிடம் பள்ளிச் சான்றுகளைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான மாநில உதவித்தொகையின் வருமான வரம்பு ரூ.2,50,000 என்பதால், கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் யூமிஸ் இணையதளத்தில் அதற்கும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம்.

பதில் (மூன்றாம் ஆண்டு மாணவி, முதல் தலைமுறைப் பட்டதாரி):

ஐயா, எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து வைக்கலாம் என்ற யோசனையை ஏற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை, பன்னிரண்டாம் வகுப்பில் தம் பாடப்பிரிவில் எண்பதாவது சதமானத்துக்கு மேல் (அதாவது முதல் இருபது விழுக்காட்டினருள்) உள்ள, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்தைத் தாண்டாத மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 தருகிறது. ஆனால் வேறு உதவித்தொகை மட்டுமன்றி, மாநில அரசின் கட்டண விலக்கையோ, கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரும் ஈட்டையோ பெறுபவர்களும் இதற்குத் தகுதியற்றவர்கள் என்று அதன் விதி தெளிவாகச் சொல்கிறது. முதல் பட்டதாரி சலுகையைப் பெற்றுக்கொண்டு இதற்கும் விண்ணப்பித்தால், சரிபார்ப்பில் நின்றுவிடும். பணம் வந்தபின் தெரியவந்தால் திருப்பிச் செலுத்த நேரிடலாம். கட்டணத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை ரசீதில் பார்த்து, அதனை ரூ.12,000 உடன் ஒப்பிட்டு, கூடுதலானதை வைத்துக்கொள்ளுங்கள்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) மாணவியருக்கு ஆண்டுக்கு ரூ.50,000 வழங்கும் பிரகதி உதவித்தொகையும் உண்டு. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பயனாளிகளை மதிப்பெண் தகுதியின்படி தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானால் பிற அரசு உதவித்தொகைகளை விட வேண்டியிருக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் கல்லூரிப் பொறுப்பு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். தேசிய தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. பதிவுக்கட்டணம் என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பதில் (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்):

ஐயா, வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ரூ.4 லட்சம் வரை நம் கையிலிருந்து போடும் பங்குத்தொகை கேட்பதில்லை, ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணையமும் இல்லை. பெற்றோர் உடன் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். கல்விக்கடன் விண்ணப்பத்துக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடனைவிட வட்டி மானியத்தில்தான் பலரும் இழக்கிறார்கள். குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரி நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) தரச்சான்றோ படிப்பு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ பெற்றிருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கிறது. வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, மானியக் கோரிக்கையை வங்கி அனுப்பியதா என்பதை ஆண்டுதோறும் கேட்டறியுங்கள். சேர்வதற்கு முன்பே கல்லூரியின் தரச்சான்றைப் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. முதல் பட்டதாரி சலுகையையும் புதுமைப் பெண் திட்டத்தையும் மாநில உதவித்தொகையையும் எடுத்துக்கொண்டு, மத்திய உதவித்தொகையை விட்டுவிடுகிறோம். மகளுக்குப் பள்ளிக்காலக் கணக்கு ஒன்றும், இப்போது கல்லூரி அருகே திறந்த கணக்கு ஒன்றும் உள்ளன. பணம் எதில் வரும்?

பதில் (மூன்றாம் ஆண்டு மாணவி):

விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் கடைசியாக எந்த வங்கியில் நேரடிப் பயன் பரிமாற்றத்துக்கு (அரசுப் பணம் நேராகக் கணக்கில் வரும் முறைக்கு) ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய்ச் சேரும். கணக்குத் திறக்க ஆதார் நகல் கொடுத்ததே இணைப்பாகிவிடாது; தனிப் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் மகளின் எண்ணால் உள்நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். பழைய கணக்கின் பெயர் காட்டினால், புதிய வங்கியில் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதுவரை பழைய கணக்கை மூடிவிடாதீர்கள்; நெடுநாள் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியிருந்தால் முதலில் அதனை இயக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.