பில்லின் கடைசி வரியில் 'கேரி பேக் 12'

கேள்வி:
நேற்று வேளச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட். துவரம் பருப்பு, நல்லெண்ணெய், கொஞ்சம் கறிவேப்பிலை. பை வேண்டுமா என்று கேட்கவே இல்லை, காகிதப் பையில் போட்டுத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக்கு 12 ரூபாய்! பை முழுக்கக் கடையின் பெயர். அவர்கள் விளம்பரத்தை நான் காசு கொடுத்துச் சுமக்க வேண்டுமா? எண்ணெய் பாட்டிலின் கனத்தில் லிஃப்டிலேயே அடி கிழிந்தது தனிக்கதை.

பதில் 1:
பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை, அதனால்தான் காகிதம். ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் கல்லாவில் பைக்குக் காசு பிடிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பில் இருக்கிறதா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

பதில் 2:
12 ரூபாய்க்குப் புகாரா! கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்களே, அதில் எடுத்தது இன்னும் என் ஸ்கூட்டரில் இருக்கிறது. என்ன, கடைக்குள் போகும்போது எடுக்கத்தான் மறந்துவிடும்.

கேட்டவர்:
சரி, பில் பத்திரமாக இருக்கிறது. பைதான் இல்லை. அம்மா அதைக் கிழித்துக் கறிவேப்பிலையைச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்.