கடற்கரைச் சந்துக்குப் பூட்டு போடலாமா?

பொருளாளர்_62
வெள்ளி, இரவு 9.10

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பனையூருக்கும் உத்தண்டிக்கும் நடுவில் எங்கள் மனைப்பிரிவு. மொத்தம் 62 மனை. வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் 19 பேர்தான். மீதி காலி மனை, வாரக் கடைசி பீச் ஹவுஸ், வெளிநாட்டுக்காரர்களின் பூட்டிய வீடு. நான் சங்கத்தின் பொருளாளர். வங்கியில் ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டிய பதவி.

ஞாயிறு பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நடு ரோடு கிழக்கே போய்க் கடலில் முடிகிற 20 அடிச் சந்தில் இரும்பு கேட் போட்டுப் பூட்டுவது. சாவி உறுப்பினர்களுக்கு மட்டும். மதிப்பீடு 1.85 லட்சம். நான் ஆதரவு. எதிர்ப்பவர்கள் இங்கேயே சண்டை போட்டுவிடுங்கள், பொதுக்குழுவிலாவது டீ ஆறாமல் குடிக்கலாம்.

காரணம் சொல்கிறேன். ஞாயிறு மாலை ஆனால் சந்தில் பைக் நிறுத்த இடமில்லை. திங்கள் காலை குப்பை பொறுக்க இரண்டு ஆள், சங்கச் செலவு. போன வாரம் பாட்டில் மட்டும் இரண்டு சாக்கு. இதெல்லாம்கூடப் போகட்டும். ஐப்பசியில் ஒரு கல்லூரிப் பையனை அலை இழுத்துக்கொண்டு போனது. அவன் அம்மா எங்கள் சந்தில் மண்ணில் உட்கார்ந்திருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் அவன் செருப்பு. விசாரிக்க வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சங்கம்னு ஒண்ணு இருக்கே, ஒரு போர்டுகூட வைக்க மாட்டீங்களா?" அன்றைக்கு எனக்குத் தூக்கம் போனது.

சிங்கை_மனை17
வெள்ளி, இரவு 10.02

முழு ஆதரவு. கடலுக்காகத்தான் அந்த விலை கொடுத்து வாங்கினேன். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்தால், என் வாசலுக்கு நேரே யாரோ பிரியாணிப் பொட்டலம் பிரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பராமரிப்புக் காசு நாங்கள் கொடுக்க வேண்டும், அனுபவிப்பது ஊரா? கேட்டோடு நில்லாமல் சிசிடிவி, ஒரு ஃப்ளட் லைட் எல்லாம் சேர்த்துப் போடுங்கள்.

மனை_41
வெள்ளி, இரவு 10.15

கேட் ஓகே. ஆனால் என் வீட்டுக்கு வாடகைக்கு வரும் கெஸ்ட்டுக்கும் சாவி வேண்டும்.

பொருளாளர்_62
வெள்ளி, இரவு 10.20

மனை 41 சார், உங்கள் கெஸ்ட் சனிக்கிழமை இரவு 2 மணி வரை போட்ட டிஜே பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. சேகரித்த பாட்டிலில் பாதி உங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால்தான் கிடந்தது. சிங்கை சார், மூன்று வருடப் பாக்கியைக் கட்டிவிட்டு "நாங்கள் கொடுக்கிறோம்" என்றால் நன்றாக இருக்கும். கோபிக்காதீர்கள், லெட்ஜர் என் கையில் இருக்கிறது.

குப்பத்து_மதி
வெள்ளி, இரவு 11.31

பொருளாளர் சார், நான் உங்கள் மனைப்பிரிவுக்கு வடக்கே இருக்கும் குப்பத்துப் பையன். இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா இன்னும் ஃபைபர் படகில் போகிறார்.

அந்தச் சந்து வழியாகத்தான் என் அம்மா அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஈசிஆர் பஸ் ஸ்டாப்புக்குப் போவார். உங்கள் கேட் வந்தால் குப்பத்து ரோடு சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் அதிகம். தலையில் 20 கிலோ மீனும் ஒழுகுகிற ஐஸ் தண்ணீரும். ஒருநாள் நடந்து பாருங்கள்.

அப்புறம் "எங்கள் பீச்" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதை யாரோ எனக்கும் அனுப்பினார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில், அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அந்த 200 மீட்டருக்கு அப்பால் போனால் அரசு வீடு கட்டித் தரும், பழைய இடம் அரசுக்கு என்று அதில் இருந்தது. பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். அதே 200 மீட்டருக்குள் உங்கள் மாடி வீடு நிற்கிறது. நாங்கள் நகர்ந்தால் பாதுகாப்பு, நீங்கள் வந்தால் சீ வியூ.

பையன் இறந்தது எங்களுக்கும் தெரியும். தேடப் போனது யார் படகு என்று விசாரித்துப் பாருங்கள் சார்.

பொருளாளர்_62
சனி, காலை 6.40

தம்பி, படகு உங்கள் குப்பத்துடையது. இரவு முழுக்கத் தேடினார்கள். மறக்கவில்லை, அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

மீன் விற்கும் பெண்களுக்குத் தனிச் சாவி கொடுக்கலாம் என்று நேற்றே நினைத்தேன்.

குப்பத்து_மதி
சனி, காலை 7.05

நாற்பது வருஷமாக நடந்த வழிக்கு என் அம்மா உங்களிடம் சாவி வாங்க வேண்டுமா? வேண்டாம் சார்.

ஆவணப்பிரியன்
சனி, காலை 9.48

உணர்ச்சி இரண்டு பக்கமும் இருக்கட்டும், காகிதத்தைப் பார்ப்போம். நானும் இதே மனைப்பிரிவில் ஓர் உரிமையாளன்.

முதலில் மணல். நம் பத்திரத்தின் கிழக்கு எல்லை எங்கே முடிகிறது என்று எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? உயர் அலைக் கோட்டுக்கு, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் ஏறும் எல்லைக்கு, கீழே இருப்பது எந்தப் பட்டாவிலும் வராது, அது அரசு நிலம். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: கடற்கரை, ஆறு, காடு போன்றவற்றுக்கு அரசு மக்கள் சார்பில் அறங்காவலர் மாதிரி, தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது. அந்த வழக்கு இமாச்சலில் பியாஸ் நதிக்கரையில் கட்டிய ஒரு ஓட்டலைப் பற்றியது. கொள்கை நமக்கும் பொருந்தும்.

அடுத்து சந்து. இங்கேதான் சங்கம் கோட்டை விடுகிறது. 1980-களில் எம்எம்டிஏ (இன்றைய சிஎம்டிஏ) அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவு நம்முடையது. அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால் ரோடுகளையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு ஊராட்சி வாங்கியது. 2011-ல் இந்தப் பகுதி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆக, நடு ரோடும் அதன் வாலான சந்தும் இப்போது மாநகராட்சி ரோடு. நான் வாங்கிய மனைக்கு நான் வரி கட்டுகிறேன், ரோட்டுக்கு இல்லை. மாநகராட்சி ரோட்டில் நாம் எப்படி பூட்டு போடுவது?

சிங்கை_மனை17
சனி, காலை 10.30

ரோட்டுக்குத் தார் போட்டது சங்கம். விளக்கு போட்டது சங்கம். மாநகராட்சி வந்து ஒரு கூடை ஜல்லியாவது கொட்டியதா? பராமரிப்பவனுக்கு உரிமை இல்லையா?

ஆவணப்பிரியன்
சனி, காலை 10.41

தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு நான் வருடா வருடம் வெள்ளையடிக்கிறேன். பிள்ளையார் இன்னும் எனக்கு எழுதித் தரவில்லை.

பொருளாளர்_62
சனி, காலை 11.15

சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஈசிஆரில் எத்தனை ரிசார்ட் கடல் வரைக்கும் வேலி போட்டிருக்கிறது? அவர்களை யாரும் கேட்பதில்லை, 62 மனைச் சங்கத்துக்கு மட்டும் சட்டமா?

ஆவணப்பிரியன்
சனி, மதியம் 12.20

அவர்களுக்குத்தான் சட்டம் இன்னும் கண்டிப்பு. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் மூன்றாம் இணைப்பைப் பாருங்கள். வேலி போடலாம், ஆனால் அதனால் பொதுமக்கள் கடற்கரைக்குப் போவது தடைபடக் கூடாது. இரண்டு ரிசார்ட்டுக்கு நடுவில் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இது ஓட்டல், ரிசார்ட்டுக்கு எழுதிய விதி, வீடுகளுக்கு நேரடியாக இல்லை என்று நீங்கள் வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் சம்பாதிக்க வந்த ரிசார்ட்டே வழிவிட வேண்டும் என்கிற சட்டம், உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த ரோட்டை அடைக்க நமக்கு அனுமதி கொடுக்குமா?

மதியின் "நாற்பது வருஷம்" வெறும் பேச்சும் இல்லை. 1882 வசதியுரிமைச் சட்டத்தில் 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு நடந்த வழிக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. ரோடு நம் சொத்தே என்று வைத்துக்கொண்டாலும் அங்கே மாட்டிக்கொள்வோம்.

கேட்பதற்கு ஆள் இல்லை என்று மட்டும் நம்பாதீர்கள். கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் எல்லாரும் பார்த்தோம். அதுவும் கடலோர விதி மீறல்தான். ஒரு கேட்டுக்காக யாராவது புகார் கொடுத்து, அளக்க வருகிறவர்கள் கேட்டை மட்டும் அளந்துவிட்டுப் போவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கிழக்கு வரிசையில் யார் யார் உயர் அலைக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கட்டியிருக்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

மனை_41
சனி, மதியம் 12.24

கேட் வேண்டாம் என்று நானும் நினைக்கிறேன்.

சிங்கை_மனை17
சனி, மதியம் 1.10

சரி, கேட்டை விடுங்கள். அந்தக் காசில் கிழக்கு வரிசைக்கு முன்னால் கல்லாவது கொட்டுங்கள். போன கார்த்திகையில் என் காம்பவுண்டின் அடிவாரம் வரைக்கும் மண் போய்விட்டதாக வாட்ச்மேன் போட்டோ அனுப்பினார்.

குப்பத்து_மதி
சனி, மதியம் 2.45

சார், தயவுசெய்து வேண்டாம். கார்த்திகையில் கடல் மண்ணை எடுக்கும், பங்குனி வாக்கில் திரும்பக் கொண்டுவந்து போடும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். போன பங்குனியில் உங்கள் வாட்ச்மேன் போட்டோ அனுப்பவில்லையா?

இந்தக் கரையில் வருடத்தில் அதிக மாதம் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. குறுக்கே எதையாவது நிறுத்தினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்தில் கரை கரைந்தது. புதுச்சேரியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டிய பிறகு ஊருக்கு முன்னால் இருந்த மணலே போய், பாறை மட்டும் மிச்சம். சிறிய அளவில் நீங்கள் கொட்டினாலும் கல்லின் ஓரத்தில் அலை குடையும். உங்களுக்கு வடக்கே இருப்பது எங்கள் படகு ஏற்றும் இடம்.

இரவுநடை
சனி, மாலை 6.30

நான் இந்தப் பக்கம் ஆமை நடைக்கு, அதாவது இரவில் கரையோரம் ஆமைக் கூடு தேடி நடக்க, வருகிறவள். சென்னையில் மாணவர்கள் 1988-ல் ஆரம்பித்த வேலை, அவர்களைப் பார்த்துத்தான் நானும் நடக்கப் பழகினேன். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிடும் காலம். ஒரு கூட்டில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். கேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆமைக்குக் கவலையில்லை, அது கடல் வழியாக வருகிறது. முதல் பக்கத்தில் ஒருவர் கேட்ட ஃப்ளட் லைட்தான் என் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

குஞ்சு பொரிந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டில் கடல்தான் வெளிச்சம், அதை நம்பிப் பழகிய உயிர். இரண்டு வருடம் முன்னால் உங்கள் சந்திலேயே பார்த்தேன். முப்பது குஞ்சுக்கு மேல், கட்டை விரல் நீளம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டு விளக்கை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான்கைந்து ஏற்கெனவே கார் டயரில் போயிருந்தன. மீதியைக் கூடையில் போட்டு, விளக்கை மறைக்க என் துப்பட்டாவைக் கம்பத்தில் கட்டிவிட்டு, அலை ஓரம் விட்டோம்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது இழுவலை சம்பந்தப்பட்டது, அதை உங்கள் சங்கம் சரிசெய்ய முடியாது. விளக்கை அணைப்பது உங்கள் கையில் இருக்கிறது. செலவும் இல்லை.

பொருளாளர்_62
ஞாயிறு, இரவு 8.50

பொதுக்குழு முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணப்பிரியன் தானப்பத்திரத்தின் சான்றிட்ட நகலோடு வந்தார். நான் வாங்கிப் படித்தேன். வங்கியில் முப்பத்தைந்து வருடம் பத்திரம் படித்தவன், இதை ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்த நானே திரும்பப் பெற்றேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

கேட் இல்லை. பைக் உள்ளே வராதபடி சந்தின் வாயில் நான்கு கல் தூண், ஆள் நடக்க, அன்னக்கூடை போக இடம் விட்டு. அதற்கும் மாநகராட்சி அனுமதி கேட்டு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். பீச் ஹவுஸ் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மாதச் சந்தா இரண்டு மடங்கு. இதற்கு மனை 41 எதிர்ப்பு தெரிவித்தது குறிப்பேட்டில் ஏறியது. பங்குனி முடியும் வரை கிழக்கு வரிசை வெளிவிளக்கு இரவு 9-க்கு மேல் அணைப்பது. கல் கொட்டும் பேச்சு எடுபடவில்லை.

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐப்பசியில் இன்னொரு பையன் இறங்கினால் தூண் தடுக்காது. போர்டு வைக்கிறோம். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "குளிக்கத் தடை" என்று எழுதினால் யார் படிக்கிறார்கள்?

குப்பத்து_மதி
ஞாயிறு, இரவு 9.30

அப்பாவைக் கேட்டேன் சார். எந்த இடத்தில் இழுக்கும் என்பதை அம்புக்குறியோடு எழுதச் சொன்னார். சந்துக்கு நேரே அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆளை இழுக்கும் இடமாம். வெளியூர்க்காரன் அதைப் பார்த்து நல்ல இடம் என்று இறங்குகிறான். அது மாசத்துக்கு மாசம் நகரும், அதனால் அம்பைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்கள், அவரே வந்து மாற்றித் தருவார்.

பொருளாளர்_62
ஞாயிறு, இரவு 9.34

நாளைக் காலை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இல்லை, நானே வருகிறேன்.

இரவுநடை
திங்கள், அதிகாலை 1.40

சந்துக்குத் தெற்கே இப்போது ஓர் ஆமை ஏறிக்கொண்டிருக்கிறது. 41-ஆம் எண் மாடி விளக்கு எரிகிறது. யாராவது அவரை எழுப்புங்கள்.

மனை_41
திங்கள், அதிகாலை 1.52

அணைத்தாச்சு. படி விளக்கு மட்டும் இருக்கட்டும், கெஸ்ட் விழுந்துடுவாங்க.

இரவுநடை
திங்கள், அதிகாலை 1.53

அதையும்தான் சார்.