ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்? பெல்லட் (சிறு ஈயக் குண்டு) செலவைக் குறைக்க வழி உண்டா?

தோப்பில் மணல் மூட்டை அடுக்கி, முன்னால் அட்டை கட்டி 10 மீட்டரில் சுடுகிறேன். துப்பாக்கி .177 அங்குலக் குழல், ஸ்பிரிங் ரகம். மலிவாகக் கிடைக்கிறதே என்று 3-9 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்று போட்டேன், இரண்டே மாதத்தில் உள்ளே குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது, 9-க்குத் திருப்பினால் அட்டையே கலங்கலாகத் தெரிகிறது. அடுத்து எதை வாங்க? பெல்லட் செலவும் கையைக் கடிக்கிறது.

பதில் 1:
ஸ்பிரிங் துப்பாக்கியை லேசாக நினைக்காதீர்கள். பிஸ்டன் பாயும்போது பின்னால் உதைக்கும், அது முனையில் போய் நின்றதும் முன்னால் இழுக்கும், இந்த இரட்டை உதையைச் சாதாரண ஸ்கோப் தாங்காது. ஏர்கன்னுக்கென்றே செய்ததாக, முன் வளையத்தைத் திருப்பி 10 மீட்டருக்கு ஃபோகஸ் செய்ய முடிவதாகப் பாருங்கள். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்து வரும், கலங்கல் அதனால்தான். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டில், நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் இல்லையென்றால் ஸ்கோப் மெல்லப் பின்னால் நழுவும்.

பதில் 2:
அட்டைக்குத் தட்டை மூக்கு பெல்லட் போதும், பஞ்சிங் மெஷினில் போட்டதுபோல வட்டமாகப் பொத்தல் விழும். மலிவு டப்பா வாங்கினால் தட்டில் கொட்டி, பின் விளிம்பு நசுங்கியதைப் பொறுக்கிவிடுவேன், அதெல்லாம் தகர டப்பா அடிக்க. ஈயம் ஐயா, கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

பதில் 3:
போட்டி ஆசை இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், சிறு துளை வழியே குறிபார்க்கும் துளை சைட்தான்.

கேட்டவர்:
போட்டியா, எனக்கா! சரி, முதலில் மவுண்டைக் கழற்றிப் பார்க்கிறேன்.