பாப் மார்லி பசங்க ஆல்பம் எதுல இருந்து ஆரம்பிக்கறது?

மொட்டமாடி:
வருஷக்கணக்கா ஜமைக்காவோட ரெகே இசைப் பாடகர் பாப் மார்லி மட்டும்தான், அதுவும் அந்த 'லெஜெண்ட்' தொகுப்பையே தேய தேய கேட்டுட்டு இருக்கேன். அவர் பசங்கள்ல ஸிகி, ஸ்டீஃபன், ஜூலியன், கை-மானி, டேமியன்னு அஞ்சு பேரு தனியா ஆல்பம் போட்டிருக்காங்கன்னு இப்பதான் தெரியுது. ஸிகியோட 'டிராகன்ஃப்ளை' போட்டேன், குரல் அப்படியே அப்பா, ஆனா நாலாவது பாட்டுலயே கை தானா போனுக்கு போயிடுச்சு. எல்லாமே இப்படித்தானா இல்ல நான்தான் தப்பா எடுத்துட்டேனா?

பழைய கேசட்:
தப்பாதான் எடுத்திருக்கீங்க ப்ரோ. 2003ல வந்தது அது, ராக் பக்கம் சாஞ்ச ஆல்பம், ரெகே தேடிப் போனா ஏமாத்தம்தான். ஸிகின்னா 1988ல 'கான்ஷியஸ் பார்ட்டி' கேளுங்க. தம்பி ஸ்டீஃபன், அக்கா ஷாரன், தங்கச்சி இல்ல அவங்களும் அக்காதான் செடெல்லா, நாலு பேரும் சேந்து மெலடி மேக்கர்ஸ்னு குரூப்பா பாடினது. டாக்கிங் ஹெட்ஸ் பேண்டுல இருந்த ரெண்டு பேர்தான் தயாரிப்பு, கிராமியும் வாங்குச்சு.

அடிநாதம்:
நான் டேமியன் கட்சி. அப்பா 1981ல போனப்ப ஸிகிக்கு 12 வயசு, இவனுக்கு 3 கூட முடியல, நம்மள மாதிரி அவனும் ரெக்கார்டுல கேட்டுத்தான் அப்பாவ தெரிஞ்சிருப்பான்னு எனக்கு தோணும், அதனாலயோ என்னவோ அந்த குரல காப்பி அடிக்கவே இல்ல. இவன் டீஜே. ஜமைக்கால டீஜேன்னா ரெக்கார்ட் ஓட்றவர் இல்ல, தாளத்து மேல பேச்சும் பாட்டுமா அடிச்சு விடறவர். 2005 'வெல்கம் டு ஜாம்ராக்' போடுங்க, தலைப்பு பாட்டே 'இனி கமோஸி'ன்னு ஒரு ஜமைக்கா பாடகரோட 80கள் பாட்ட எடுத்து அது மேல கட்டினது. புதுசா கட்டாம பழைய தாளத்துலயே அடுத்தவன் பாடறது அங்க காலங்காலமா நடக்கறதுதான், யாரும் திருட்டுன்னு சொல்ல மாட்டாங்க. தயவுசெஞ்சு போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, அடில அதிர்ற பேஸ் சத்தம் இல்லன்னா அது ரசம் இல்லாத சாப்பாடு.

பழைய கேசட்:
@அடிநாதம் அந்த ஆல்பத்துக்கு பின்னாடி உக்காந்து தயாரிச்சது அண்ணன் ஸ்டீஃபன், அத விட்டுட்டீங்களே. குடும்பத்துல பாதி வேலை அவர்துதான், ஆனா தன் பேர்ல முதல் ஆல்பம் 'மைண்ட் கண்ட்ரோல்' 2007லதான் வந்துச்சு. அதையே அப்புறம் அகூஸ்டிக்கா, அதாவது எலக்ட்ரிக் கருவி இல்லாம, திருப்பி போட்டு ரெண்டுக்கும் கிராமி வாங்கிட்டாரு மனுஷன். எனக்கு அகூஸ்டிக்தான், ராத்திரி 11 மணிக்கு மேல.

சின்னப்பறை:
ரஹ்மான் ரசிகர்கள் யாரும் வரலியா இங்க? 2011ல பிரிட்டன் இசைக்காரங்க மிக் ஜாகர், டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், கூட டேமியன், நம்ம ரஹ்மான் அஞ்சு பேரும் 'சூப்பர்ஹெவி'ன்னு ஒரு ஆல்பம் போட்டாங்க. சாம்பார்ல பாயசம் கலந்த மாதிரிதான் இருக்கும், ஆனா டேமியன் வர்ற இடமெல்லாம் உயிர் வந்துரும்.

மொட்டமாடி:
ஜாம்ராக் ஹெட்போன்ல போட்டேன் அடிநாதம் அண்ணே, ஒண்ணும் சொல்றதுக்கில்ல, தலைப்பு பாட்டு மட்டும் ஆறு தடவ ஓடிருச்சு. பாதி வார்த்தை புரியல, ஜமைக்கா பேச்சு. அடுத்து டேமியன் அமெரிக்க ராப்பர் நாஸ் கூட சேந்து போட்ட 'டிஸ்டன்ட் ரிலேட்டிவ்ஸ்' போகவா இல்ல 2001 'ஹாஃப்வே ட்ரீ'க்கு பின்னாடி போகவா?

அடிநாதம்:
பின்னாடி போங்க. நாஸ் எங்கயும் ஓடிப் போக மாட்டாரு.