துக்க வீட்டுக்கு யாரும் வராத நாட்கள்: அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டைக்காரி:
2021 மே. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது எனக்கும் கொரோனா பாசிட்டிவ். மாடி அறையை விட்டு இறங்க முடியாது. கவச உடை போட்ட நாலு பேர் அம்மாவைக் குழியில் இறக்க, சபை ஐயர் (பாதிரியார்) தள்ளி நின்று அடக்க ஜெபம் பண்ணியதை அண்ணன் போனில் காட்டினான். பத்து நிமிஷம்கூட இல்லை. எங்கள் பக்கம் சாவு என்றால் கோயில் மணி அடிக்கும், வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும், சாயங்காலம் சபையார் வந்து கீர்த்தனை பாடுவார்கள். எங்களுக்கோ காப்பியைக் கேட்டுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்கள். (குறை சொல்லவில்லை, அன்றைய பயம் அப்படி.)

வாட்ஸ்அப்பில் வசனமாக வந்து குவிந்தது. ரோஜாப்பூ படம், கீழே 'கலங்காதே'. எரிச்சல்தான் வந்தது. மூன்றாம் நாள் ஐயரம்மா, ஐயரின் மனைவி, கூப்பிட்டார்கள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா. போனைப் பக்கத்துல வச்சுக்கோ, நான் வாசிக்கேன்" என்று வேதாகமத்தில் 88ஆம் சங்கீதத்தை எடுத்தார்கள். 'நான் வெளியே புறப்படக்கூடாதபடி அடைபட்டிருக்கிறேன்' என்ற இடம் வந்ததும், அதுவரை வராத அழுகை வந்தது. புலம்புகிற சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவில்லை, இருட்டிலேயே முடிகிறது. இப்படி ஒன்றை வேதத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். அப்புறம் பதினாலு நாளும் ராத்திரி ஏழு மணிக்குப் போன் வரும். சில நாள் அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்கும்.

குவைத்தில் இருந்தவன்:
அக்கா, எனக்கு 2020 ஏப்ரல். சாயர்புரத்தில் அப்பா போய்விட்டார், விமானம் ஒன்றும் ஓடவில்லை. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் மே 7-இல்தான் தொடங்கின. கர்ப்பிணிகள், நோயாளிகள் என்று போய் என் முறை வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஒரே அறையில் ஆறு பேர், அழுவதற்கு ஒரு மூலை கிடையாது. மேல் கட்டிலில் ஒரு மலையாளி அண்ணன், மார்த்தோமா சபைக்காரர். ராத்திரி கட்டன்சாயா (பால் இல்லாத டீ) போட்டுக் கையில் கொடுத்துவிட்டு ஜெபம் பண்ணுவார். பாதி புரியாது. நடுவில் அப்பா பேர் மட்டும் தெளிவாகக் கேட்கும். அந்த ஊரில் அப்பா பேரைச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள், ராப்பகலாக, ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாவற்றையும் கெடுத்தார்கள். என் மனைவி போனபோது 'எல்லாம் தேவ சித்தம்' என்றவரோடு நான் பேசி ரெண்டு வருஷம் ஆகிறது. நல்ல மனுஷர்தான், என்ன செய்ய. செத்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). இவர்களுக்கு மட்டும் என்ன அவசரமோ? பிள்ளைகள் வெளிநாட்டில். சாயங்காலம் ஆனால் வீடு ரொம்பப் பெரிதாகிவிடுகிறது.

பாளையங்கோட்டைக்காரி:
ஐயா, உங்கள் நம்பரைத் தனியாக அனுப்புங்கள். இன்றைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.