சிகிரியா: முழங்கால் வருத்தம் உள்ள ஆக்களோட எப்பிடிப் போறது?

நல்லூரான்:
யாழ்ப்பாணத்தில இருந்து குடும்பமா வான் வண்டியில சிகிரியா மலைக்கோட்டை பார்க்கப் போறம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது. கனடாச் சித்தப்பாவும் வாறார். அம்மா வானுக்குள்ளதான் இருக்க வேணுமோ? எத்தினை மணிக்கு வெளிக்கிடலாம்?

வடலி:
முதல்நாளே போய் தம்புள்ளையில தங்குங்கோ. ஏ9 பாதையால அதுவரைக்கும் 250 கிலோமீற்றர் அளவு. பிறகு திருகோணமலை வீதியில போய் இனாமலுவச் சந்தியால திரும்ப வேணும். விடியப்பறம் 4 மணிக்கு வெளிக்கிட்டாலும் 10 மணியாகும், அது பிழையான நேரம். படி ஏறுறது மேற்குப் பக்கத்தால. காலமை அதில பாறையின்ர நிழல் விழும், மத்தியானத்துக்குப் பிறகு முழு வெயில். ஏறத்தாழ 1200 படி. மேல தண்ணியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஆளுக்கு ஒரு லீற்றர் கொண்டுபோங்கோ. சாப்பாட்டுப் பையைக் கையில தூக்கிக்கொண்டு போனால் குரங்கு பறிச்சிடும்.

சித்தப்பாட்ட இலங்கை அடையாள அட்டை இல்லையெண்டால் வெளிநாட்டார் ரிக்கற்தான், டொலர் கணக்கு. மற்ற எல்லாரும் அடையாள அட்டையை மறக்காதேங்கோ.

குளக்கட்டு:
அம்மாவைக் கட்டாயம் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. காசியப்பன் எண்ட அரசன் 5ஆம் நூற்றாண்டில அமைச்ச நீர்த்தோட்டம் சமதரையில கிடக்கு, மேற்கு வாசலில இருந்து நேர்கோட்டில நடக்கலாம். முதல்ல நடுவில தீவு மாதிரி ஒரு மேடை, சுத்திவர நாலு குளம். அதைத் தாண்டினால் சின்ன வாய்க்கால் ஓரமா ஓட்டை போட்ட சுண்ணக்கல் பலகையள் பதிச்சிருக்கு. அதுதான் நீரூற்று. உயரத்தில நிக்கிற தண்ணி நிலத்துக்குக் கீழ போற குழாய்வழியால இறங்கி வந்து, அந்த அழுத்தத்திலயே மேல பீச்சும். நல்ல மழைக்காலத்தில இண்டைக்கும் வேலை செய்யுது. ஆனால் மழையில படி வழுக்கும், ஏறுறவை கவனம்.

பிறகு வாற பாறைத்தோட்டத்தில பெரிய கல்லுகளின்ர முதுகில படிப்படியா வெட்டின காடியளைப் பாருங்கோ. செங்கல் சுவரை இருத்தினது அதிலதான். கனபேர் கவனியாமல் போயிடுவினம்.

சுண்ணாம்புச் சுவர்:
பாறையில தீட்டின பழைய ஓவியங்களைப் பார்க்க அம்மா ஏற ஏலாது; பாறை நடுவில இரும்புச் சுழல்படியால போக வேணும். வாசலுக்குக் கிட்ட இருக்கிற அருங்காட்சியகத்தில அதின்ர பிரதியள் இருக்கு, அங்க ஆறுதலா இருந்து பார்க்கலாம்.

ஏறுறவைக்கு: ஓவியத்தைப் படம் எடுக்கத் தடை. 1967இல ஆரோ சாயம் பூசிச் சிதைச்ச பிறகு காவல் இறுக்கம். இடுப்புக்குக் கீழ மேகம் மறைக்க, கையில பூவோட நிக்கிற பெண்கள். பூப் பிடிச்சிருக்கிற விரல் மடிப்பை நிதானமாப் பாருங்கோ. கண்ணாடிச் சுவரில கை வைக்காதேங்கோ. சுண்ணாம்புப் பூச்சை மினுக்கின சுவர் அது. பழைய காலத்து ஆக்கள் கீறின கவிதைகள் அதில நூற்றுக்கணக்கில இருக்கு.

உச்சிக்கு ஏறுற கடைசிப் படிவரிசையின்ர அடியில பெரிய சிங்கப் பாதச் சிற்பம் இருக்கு, அதுக்கு மேல மலைத்தேனீக் கூடுகள் இருக்கு. சத்தம் போடக்கூடாது, வாசனை பூசக்கூடாது. காவலர் மறிச்சால் நிண்டிட வேணும்.

நல்லூரான்:
நன்றி. ஏறிப்போட்டு அம்மாவை நீர்த்தோட்டத்தில சந்திக்கலாமோ?

வடலி:
அங்க வேண்டாம். இறங்குற பாதை வேற, நாகபடக் குகையடியால வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் விடும். தோட்டத்தை ஏறமுதலே பாருங்கோ. பிறகு அம்மாவோட ஒராள் நிண்டு, மேற்கு வாசலாலயே வெளிய வந்து அருங்காட்சியகத்தில இருக்கட்டும். சாரதியிட்ட இரண்டு இடத்தையும் முதலே சொல்லி வையுங்கோ.